பட்ட மரம் இலை உதிர்ப்பதில்லை

புயலில் முறிந்து, ஒரு பட்டை நாரின் பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும் கிளையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் இலைகள் பழுப்பேறிச் சுருண்டு, மாதக்கணக்கில் கிளையை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் இலை கிழியுமே தவிர, காம்பு கழன்று வராது. அதே மரத்தின் உயிருள்ள கிளையில் பழுத்த இலையோ, விரல் பட்டதும் கையோடு வந்துவிடும். இலையை உதிர்ப்பது மரம் உயிரோடு இருந்து செய்ய வேண்டிய வேலை. செத்த கிளையால் அதைச் செய்ய முடியாது.

இது தெரியாததால் தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனி மாதங்களில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. இலையில்லாமல் நிற்கும் மரத்தைப் ‘பட்டுப்போச்சு’ என்று சொல்லி வெட்டிவிடுகிறார்கள். அது உதிர்த்த இலைகளைக் குப்பையென்று கூட்டித் தீ வைக்கிறார்கள். முதல் தவறால் மரம் போகிறது. இரண்டாவது தவறால், மண்ணுக்குப் போக வேண்டியது புகையாகித் தெருவில் நடப்பவர்களின் நெஞ்சுக்குள் போகிறது. இரண்டும் தடுக்கக்கூடியவை. அதற்கு, மரம் எப்படி, எதற்காக இலையை விடுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அதற்கு வசதியான மரம் வாதாம். பள்ளி வளாகம், அரசு அலுவலக முற்றம், கடற்கரைச் சாலை எங்கும் நிற்கிற நாட்டு வாதுமை. தை மாத வாக்கில் அதன் இலைகள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சில அடர் சிவப்பாகவே மாறும். கீழே விழுந்த ஒன்றை எடுத்துக் காம்பின் அடியைப் பார்க்கலாம். கிழிந்த நார் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. கத்தியால் அறுத்ததைவிடச் சுத்தமான வெட்டுமுகம் இருக்கும். தாழ்ந்த கிளையொன்றை வளைத்துப் பார்த்தால், இலை இருந்த இடத்தில் அதே அளவுக்கு ஒரு தழும்பு. தழும்புக்குள் சிறுசிறு புள்ளிகள். தண்ணீர் ஏறிய, சர்க்கரை இறங்கிய குழாய்கள் அடைபட்ட இடங்கள் அவை. அங்கே சாறு வடியாது, பூஞ்சை நுழைய வழியிருக்காது. காயம் ஆவதற்கு முன்பே மருந்து போட்டு முடித்த இடம் அது.

இலை வளர்ந்துவரும்போதே இந்தப் பிரிவுக்கான ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது. காம்பு கிளையோடு சேரும் இடத்தில், சுற்றியிருப்பவற்றைவிடச் சிறிய செல்களாலான ஒரு மெல்லிய அடுக்கு உருவாகிறது. இலை நன்றாக உழைக்கும்வரை அதிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் காம்பு வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருக்கும்வரை அந்த அடுக்கு சும்மா கிடக்கும். இலை மூப்படையும்போது ஆக்சின் வரத்து குறைகிறது, எத்திலீன் வாயுவின் கை ஓங்குகிறது. உடனே அந்தச் செல்கள் தங்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினையும் செல்லுலோஸையும் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. கிளைப் பக்கத்தில் தக்கை போன்ற படலம் ஒன்று வளர்ந்து மூடிக்கொள்கிறது. முடிவில் இலையைப் பிடித்திருப்பவை ஓரிரு நார்க்குழாய்கள் மட்டுமே. ஒரு அணில் ஓடினால் போதும், இலை கீழே வந்துவிடும்.

எத்திலீன் தமிழ்நாட்டு மண்டிகளுக்குப் புதிதல்ல. வாழைத்தார்களை மூடிய அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைத்த வியாபாரிகள், பெயர் தெரியாமலே புகையிலிருந்த எத்திலீனைத்தான் பயன்படுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கு எரிவாயு கொண்டுபோன குழாய்கள் கசிந்த இடங்களில், அருகிலிருந்த மரங்கள் காலம் தப்பி இலையைக் கொட்டின. அந்த வாயுவில் செடிகளைப் பாதிப்பது எத்திலீன் என்பதை 1901இல் ரஷ்யாவின் டிமிட்ரி நெல்ஜுபோவ் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு கண்டுபிடித்தார். பழம் பழுப்பதற்கும் இலை உதிர்வதற்கும் பின்னால் இருப்பது ஒரே வாயு. பழுத்த இலை என்று தமிழர்கள் சொல்வது அறிவியலுக்கும் பொருந்தித்தான் வருகிறது.

ஆனால் உதிர்வது கடைசிக் கட்டம். அதற்குப் பல நாள்களுக்கு முன்பே மரம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இலைக்குள் இருக்கும் விலைமதிப்புள்ள சரக்கு நைட்ரஜன். ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களில் அது குவிந்து கிடக்கிறது. மண்ணிலிருந்து அதை எடுக்க வேர் படும் பாடு பெரியது என்பதால், மரம் அதை அப்படியே உதறிவிடுவதில்லை. வீடு மாறும் குடும்பம் பாத்திரம் பண்டங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, வெறும் சுவரை விட்டுவிட்டுப் போவதைப் போல, புரதங்களைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, இலையிலிருந்து கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் சராசரியாகப் பாதியோ அதற்கு மேலோ இப்படித் திரும்பி வந்துவிடுகிறது. அடுத்த தளிருக்கு முதலீடு அதுதான்.

பச்சை நிறம் போவதும் இந்த வேலையின் பகுதியே. பச்சையத்தைப் புரதத்திலிருந்து கழற்றி அப்படியே விட்டுவைத்தால், வெயில் பட்டதும் அது செல்லையே எரிக்கும் நச்சாகிவிடும். அதனால் மரம் முதலில் அதை உடைத்து நிறமில்லாத பொருளாக்கி ஒதுக்கிவைக்கிறது. கோடிக்கணக்கான டன் பச்சையம் ஆண்டுதோறும் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்தும், அது என்னவாகிறது என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. வாற்கோதுமை இலைகளை ஆராய்ந்த பெர்ன்ஹார்ட் கிராய்ட்லர், ஃபிலிப் மாட்டில் குழுவினர் 1991இல்தான் அப்படிப்பட்ட நிறமற்ற எச்சம் ஒன்றின் கட்டமைப்பை முதன்முதலாக வெளியிட்டார்கள்.

பச்சை விலகியதும், ஏற்கெனவே இலையில் இருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. அது பெரும்பாலும் கடைசி நாள்களில் புதிதாகத் தயாரிக்கப்படும் ஆந்தோசயனின். சாகப்போகும் இலைக்கு எதற்குப் புதுச் சாயம்? சரக்கை இழுத்து முடிக்கும்வரை இலையை வெயில் கருக்கிவிடாமல் காக்க என்பது ஒரு விளக்கம். பூச்சிகளுக்கு விடும் எச்சரிக்கை என்று, 2001இல் வெளியான ஆய்வில் பிரிட்டிஷ் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டனும் சாமுவேல் பிரவுனும் இன்னொரு விளக்கம் வைத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

எல்லா மரமும் இப்படிச் சிக்கனமாக இருப்பதில்லை என்பது இந்தக் கணக்கை இன்னும் தெளிவாக்குகிறது. ஐரோப்பிய ஆற்றங்கரைகளில் வளரும் ஆல்டர் மரம் இலையைப் பச்சையாகவே உதிர்த்துவிடும். அதன் வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்கரைச் சவுக்கின் வேரில் இருப்பதும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். வரவு தாராளமாக இருக்கும் மரம் இலையிலிருந்து மீட்பதில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு வளர்த்த இலையை ஏன் விட வேண்டும்? வட நாடுகளில் இதற்குப் பதில் குளிர். மண்ணில் நீர் உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. அகன்ற மெல்லிய இலையோ, துளைகளை மூடிக்கொண்டாலும் மேற்பரப்பு வழியாக நீரைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். போதாததற்குப் பனியின் எடை வேறு. 2011 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பருவம் தவறிப் பனி கொட்டியது. மரங்கள் இன்னும் இலையோடு நின்றிருந்தன. ஒவ்வோர் இலையும் பனியைத் தாங்கிப் பிடித்தது, கிளைகள் பாரம் தாளாமல் மின்கம்பிகள் மேல் முறிந்து விழுந்தன. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. அதே அளவு பனி ஒரு மாதம் கழித்து, மொட்டை மரங்கள் மீது விழுந்திருந்தால் இத்தனை கிளைகள் போயிருக்காது.

வட நாட்டு மரங்கள் குளிர் வந்து தொட்ட பிறகு விழித்துக்கொள்பவை அல்ல. பகல் குறைந்து இரவு நீள்வதை இலையிலுள்ள ஒளியுணர் நிறமியால் அளந்து, முன்கூட்டியே தயாராகின்றன. நியூயார்க்கில் தெருவிளக்கை ஒட்டி நின்ற மரங்களில், வெளிச்சம் படும் கிளைகள் மட்டும் இலையை விடத் தாமதித்ததை எட்வின் மாட்ஸ்கே என்ற தாவரவியலாளர் 1936இல் பதிவு செய்திருக்கிறார். விளக்கு அந்தக் கிளைகளுக்குப் பொய்க் கோடையைக் காட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் உறையும் குளிர் சமவெளியில் இல்லை. இருந்தும் மரங்கள் இலையைக் கொட்டுகின்றன. பாடப்புத்தகம் படித்த பிள்ளைகள் இலையுதிர்வை அக்டோபரோடும் மேப்பிள் மரத்தோடும் சேர்த்து மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் பள்ளி வாசலில் அது பிப்ரவரியில் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துத் தழைத்த மரம், தை பிறந்து மழை நின்று, மண் காயத் தொடங்கியதும் பழுக்க ஆரம்பிக்கிறது. இங்கே எதிரி வறட்சி.

மரத்துக்குள் நீர் கீழிருந்து தள்ளப்பட்டு ஏறுவதில்லை. இலையிலிருந்து ஆவியாகும் நீர், வேர்வரை தொடரும் மெல்லிய நீர்க்கம்பிகளை மேலே இழுக்கிறது. மண்ணில் ஈரம் வற்றும்போது அந்த இழுவிசை ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நீர்க்கம்பி அறுந்து குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் அதற்குப் பிறகு பயன்படாமல் போகலாம். நிறையக் குழாய்கள் போனால் கிளை போகும், கிளைகள் போனால் மரம் போகும். இலையை விடுவது, தண்டைக் காப்பாற்ற மரம் எடுக்கும் முடிவு. நான்கைந்து மாத வறட்சியை இலையோடு தாண்ட வேண்டுமானால் தடித்த, மெழுகு பூசிய, செலவு அதிகமான இலைகளைச் செய்ய வேண்டும். மாமரம் அந்த வழியில் போகிறது. தேக்கு வேறு வழியில் போகிறது. மழைக்காலத்தில் மலிவான பெரிய இலைகளை விரித்து அசுர வேகத்தில் சம்பாதித்துக்கொண்டு, வெயில் ஏறும்போது கடையைக் கட்டிவிடுகிறது. இரண்டும் தேர்ந்த வழிகளே.

இதை முழு அளவில் பார்க்க முதுமலைக்குப் போக வேண்டும். அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் சகாக்களும் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து குறித்து, மரம் மரமாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். தேக்கும் வெக்காலியும் மருதும் வெண்தேக்கும் கொன்றையும் நிறைந்த காடு. பிப்ரவரி, மார்ச்சில் அந்த வழியாகப் பேருந்தில் போகிறவர்கள், காடே செத்துவிட்டதோ என்று நினைப்பார்கள். சாம்பல் நிறத் தண்டுகளும் தரையெங்கும் நொறுங்கும் சருகும் மட்டுமே கண்ணில் படும். மே மாதம் அதே வழியாகத் திரும்பி வந்தால், அது வேறு காடு.

கவனிக்க வேண்டிய இடம் இது. பல மரங்கள் மழைக்காகக் காத்திருப்பதில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்னரே, மண்ணில் சொட்டு ஈரமில்லாத சித்திரையில் அரசு செம்புநிறத் தளிரை விட்டுவிடுகிறது. வேம்பு அதற்கும் முன்பே துளிர்த்து, வருடப்பிறப்புப் பச்சடிக்குப் பூவும் தந்துவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்தே வறண்ட காடுகளில் ஆண்டுக்கணக்கில் மரத் தண்டுகளை அளந்த ரால்ஃப் போர்ச்சர்ட் 1994இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. இலை இருக்கும்வரை வறட்சியில் தண்டு வற்றுகிறது. இலை உதிர்ந்ததும் நீர்ச்செலவு நின்றுவிடுவதால், ஆழத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை வேர் மெதுவாக எடுத்துத் தண்டை மீண்டும் நிரப்புகிறது. நிரம்பியதும் மொட்டு அவிழ்கிறது. மழை பெய்யாமலே. ஆக, மொட்டையாக நிற்கும் நாள்களில் மரம் தூங்கவில்லை. அடுத்த தளிருக்கான தண்ணீரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

சில மரங்கள் அந்த வெற்றுக் கிளைகளிலேயே பூத்தும்விடுகின்றன. முள்ளிலவு, புரசு, கல்யாண முருங்கை, கோங்கு என்று வரிசையாகச் சொல்லலாம். மறைக்க இலையில்லாததால் பூக்கள் தூரத்திலிருந்தே தெரிகின்றன. மாசி மாதக் காலையில் ஒரு முள்ளிலவின் அடியில் நின்றால், மைனாவும் காகமும் கரிச்சானும் தேன்சிட்டும் ஒரே நேரத்தில் போடும் சத்தம் கேட்கும். அந்தக் கோலத்தில் நிற்கும் மரத்தைப் பார்த்துப் பட்ட மரம் என்று எப்படித்தான் சொல்ல மனம் வருகிறதோ.

ஆனால் சொல்கிறார்கள். பூக்காமல் நிற்கும் வாகைக்கும் தூங்குமூஞ்சிக்கும் ஆபத்து இன்னும் அதிகம். வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரம் பிப்ரவரியில் காய்ந்த நெற்றுகளோடு சலசலத்தால், காரை நிறுத்தியவருக்குப் பயம் வருகிறது. சாலை விரிவாக்கும் ஒப்பந்ததாரருக்கு வசதியாகவும் போகிறது. ‘காய்ந்த மரம், ஆபத்தானது’ என்று மனு எழுதப்படுகிறது, படம் இணைக்கப்படுகிறது. அந்தப் படம் ஜூன் மாதத்தில் எடுக்கப்பட்டிருந்தால் மனுவே எழுதியிருக்க முடியாது.

மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. பென்சில் தடிமனுள்ள ஒரு குச்சியில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் போதும். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் வேறு கிளையில் பார்க்கலாம். காய்ந்த இலைகள் உதிராமல் மரம் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த எளிய சோதனையை மரம் வெட்ட அனுமதி தரும் அதிகாரிகளும் பசுமைக் குழுக்களும் கட்டாயமாக்க வேண்டும். தை முதல் சித்திரை வரை, இலை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த மரத்தையும் பட்டதாக அறிவிக்கக் கூடாது. வைகாசி வரை பொறுத்தால் மரமே பதில் சொல்லிவிடும்.

புயலைக் காரணம் காட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. வேருக்கு இடமில்லாமல் சிமெண்ட் போட்ட நடைபாதைகள் அதற்கு ஒரு காரணம். பருவமழையில் தழைத்து அடர்ந்திருந்த கிளைகள் காற்றை முழுசாக வாங்கிக்கொண்டது இன்னொரு காரணம். மொட்டையாக நிற்கும் மரத்தில் காற்றுக்குப் பிடிப்பே குறைவு. பயத்தில் வெட்டுகிற பிப்ரவரி, உண்மையில் அந்த மரத்தால் ஆபத்து மிகக் குறைவாக இருக்கும் மாதம்.

இனி இரண்டாவது தவறு. விடிகாலையில் தெருமுனைகளில் எழும் அந்த வெள்ளைப் புகை.

எரிகிற சருகுக் குவியலில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். நைட்ரஜனில் பாதியை மரம் எடுத்துக்கொண்டது போக மீதி அதில் இருக்கிறது. கால்சியம் அநேகமாக முழுவதுமே இருக்கிறது, ஏனென்றால் இலையிலிருந்து கால்சியத்தைத் திரும்ப இழுக்க மரத்தால் முடியாது. மண்புழுவும் பூஞ்சையும் பாக்டீரியாவும் இதைத் தின்று, மண்ணோடு சேர்த்து, மறுபடி வேருக்குக் கொடுக்க வேண்டும். தீ வைத்தால் நைட்ரஜனில் பெரும்பங்கு வாயுவாகப் பறந்துவிடுகிறது. மிச்சமாகும் சாம்பலை அடுத்த மழை சாக்கடைக்குள் தள்ளிவிடுகிறது. சருகு கொழுந்துவிட்டு எரிவதும் குறைவு. பாதி ஈரத்தோடு நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். அப்படிக் கனலும்போதுதான் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள்களும், புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீனும் அதிகம் வெளியாகின்றன. கூட்டிய குவியலில் பால் கவரும் பான் மசாலா உறையும் கலந்திருப்பதைச் சொல்லவே வேண்டாம். ஆஸ்துமா உள்ள குழந்தை அந்தத் தெருவில்தான் பள்ளி வேனுக்காக நிற்கிறது.

மரத்தையும் அந்தத் தீ விடுவதில்லை. நகரச் சாலைகளில் நிற்கும் பழைய மரங்களின் அடித்தண்டைப் பார்த்தால், பலவற்றில் ஒரு பக்கம் கருகி, பட்டை உரிந்து, கட்டை வெளியே தெரியும். அங்கேதான் தினமும் குப்பை எரிந்திருக்கும். பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிரடுக்கு வெந்துபோனால் அது திரும்பி வராது. அந்த வழியாகக் கறையான் ஏறுகிறது. பத்து வருடம் கழித்து மரம் ஒரு மழை இரவில் சாயும்போது பழி மரத்தின் மேல் விழுகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பொது இடத்தில் கழிவை எரிப்பதைத் தடை செய்தன. தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து ஒப்படைக்கவும் சொல்லின. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்க உத்தரவிட்டது. ஆனாலும் புகை நிற்கவில்லை. அதற்காகத் தெருக்கூட்டும் பெண்களைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. சருகு எடை குறைந்தது, ஆனால் இடத்தை அடைக்கும். ஒரு தள்ளுவண்டியில் அரைத் தெருவின் சருகுகூட அடங்காது. ஏழு மணிக்குள் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் நெருக்குகிறார், வாசலில் ஓர் இலை கிடந்தாலும் வீட்டுக்காரர் புகார் சொல்கிறார். அள்ளிப்போக வண்டியும் கொட்ட இடமும் கொடுக்காமல் ‘எரிக்காதே’ என்று மட்டும் சொன்னால், தூய்மைப் பணியாளர் என்னதான் செய்வார்?

சருகைச் சேர்த்துவைத்தால் பாம்பு வரும், சாக்கடை அடைக்கும் என்ற ஆட்சேபங்களில் உண்மை இல்லாமல் இல்லை. வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிப்பது தவறுதான். மழைநீர் வடிகால் வாயில் இலை சேர்ந்தால் தெரு மூழ்கும். ஆனால் நாள்காட்டியைப் பார்த்தால் தமிழ்நாட்டுக்கு ஓர் அனுகூலம் தெரியும். இலை அதிகமாகக் கொட்டுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவமழை வருவது அக்டோபரில். இடையில் ஆறு மாதம் இருக்கிறது. சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சருகு மட்கி உரமாக அந்த ஆறு மாதம் தாராளம். கன்று நடும் நேரத்துக்கு உரம் தயாராக இருக்கும்.

காட்டின் கதை வேறு. அங்கே காய்ந்த இலையும் புல்லும் கோடையில் தீக்கு எரிபொருள். அதனால்தான் வனத்துறையினர் ஜனவரியிலேயே தீத்தடுப்புக் கோடுகள் போடத் தொடங்குகிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரைத் தீ கொன்றதும் இதே வறண்ட பருவத்தில்தான். அங்கே ஒரு பீடித் துண்டுகூடப் போடக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

நகரத்துச் சருகுக்கு வாங்க ஆளில்லை என்று நினைப்பதும் தவறு. தழையுரம் தமிழ் விவசாயிக்குப் புதிதல்ல. புங்கம், வேம்பு, எருக்கு, கொழிஞ்சி என்று தேடித் தேடி வெட்டி வந்து நாற்றங்காலில் மிதித்த ஊர் இது. இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராக அலைந்த நம்மாழ்வார், மண்ணை வெயில் பார்க்கவிடாதீர்கள் என்ற அக்கறையோடு மூடாக்கைப் பரப்பினார். மூடாக்குக்குச் சருகைவிடத் தோதான பொருள் கிடையாது. அது வேரடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், மட்கியபின் உரமும் ஆகும். இன்னொரு பக்கம், சமையலறைக் கழிவை உரமாக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், நாற்றம் வராமலிருக்கக் காசு கொடுத்துத் தென்னைநார்த் தூளை மூட்டை மூட்டையாக வாங்குகின்றன. ஈரமான காய்கறிக் கழிவோடு சேர்க்க வேண்டியது உலர்ந்த, கரிமம் நிறைந்த ஏதாவது ஒன்றுதான். நொறுக்கிய சருகு அதற்குப் போதும். அது மதில் சுவருக்கு வெளியே எரிந்துகொண்டிருக்கிறது.

மாநகராட்சிகளும் நகராட்சிகளும் செய்ய வேண்டியது பெரிய திட்டமல்ல. இலை உதிரும் மூன்று மாதத்துக்கு மட்டும் வார்டுக்கு ஒரு சருகு வண்டி. பூங்காக்களிலும் அரசுப் பள்ளி மைதானங்களின் ஓரத்திலும் கம்பிவலை அடித்த சருகுத் தொட்டிகள். ஏற்கெனவே இருக்கும் நுண் உர செயலாக்க மையங்களில் சருகுக்குத் தனி இடம். விளைந்த உரத்தை அந்தந்த வார்டின் மரங்களுக்கே போட வேண்டும். நடைபாதை மரங்களைச் சுற்றி அடிமரம்வரை பூசிய சிமெண்டை ஒரு மீட்டர் அகலத்துக்காவது உடைத்துவிட்டால், விழும் இலையில் ஒரு பங்கு அங்கேயே தங்கி மட்கிப் போகும். அதைக் கூட்ட ஆளும் வேண்டாம், அள்ள வண்டியும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாசல் மரத்தின் இலையை அந்த மரத்தின் அடியிலேயே, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பிவிடுங்கள். இடமில்லாதவர்கள் பழைய சாக்கில் கட்டி, வாய்ப்புறம் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மொட்டை மாடி நிழலில் வையுங்கள். மொட்டையாக நிற்கும் மரத்தை வெட்டச் சொல்லி யாராவது கையெழுத்து கேட்டு வந்தால், அவரையும் அழைத்துப்போய் ஒரு குச்சியைச் சுரண்டிக் காட்டுங்கள். உங்கள் தெருச் சருகு எங்கே போகிறது என்று இந்த மாசியில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒருமுறை கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.